நிர்மூலம் அண்ணையும் மகேஸக்காவின் வேலியும்

யாழ்ப்பாணத்தில் எது அழிந்தாலும், அது முழுதாக அழிந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஒரேயொரு மனிதரிடந்தான் இருந்தது. அவர் நிர்மூலம் அண்ணை. எண்பதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மகேஸக்கா வீட்டில் எனக்குப் பக்கத்து அறைக்காரர். தொழில் கிளாக்கர். சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது.

செய்தியில் 'நிர்மூலம்' என்ற சொல் வந்தால் போதும், வானொலியோடு சண்டைக்குப் போவார். "நிர் எண்டால் இல்லை. மூலம் எண்டால் வேர். வடமொழியிலையிருந்து வந்த சொல்லடாப்பா. வேரும் இல்லாமல் போனால்தான் நிர்மூலம். இவையள் வேரைப் பாத்தவையே?"

ஒருநாள் சோறு அடிப்பிடித்தது. "நிர்மூலம்" என்றேன். அகப்பையால் அடியைச் சுரண்டித் தின்றுகாட்டி, "உதுக்குக் காந்தல் எண்டு பேர்" என்றார். இன்னொருநாள், வேலிக்கு நட்டிருந்த கிளுவைக் கதியால்களில் பட்டுப்போன ஒன்றை வேர் பார்ப்பதற்காகப் பிடுங்கிவிட்டுத் திரும்ப நட்டார். அது ஒரு சாண் தள்ளி நின்றதில், மகேஸக்காவுக்கும் பக்கத்து வளவுப் பொன்னம்பலத்தாருக்கும் எல்லைச் சண்டை மூண்டது. "இனி வேலியிலை கைவைச்சீர், அறையை விடவேணும்" என்று அக்கா கட்டளை போட்டார்.

பிறகு ஒரு பின்னேரம் ஷெல் விழுந்தது. பங்கருக்குள் இருந்ததால் நாங்கள் தப்பினோம். குசினி இடிந்து, வேலி எரிந்துபோயிற்று. தனி மனுஷி அக்கா. மறுநாள் பெட்டியைக் கட்டி முற்றத்தில் வைத்தார்.

"தம்பியாரிட்டைக் கொழும்புக்குப் போறன். எல்லாம் நிர்மூலமாப் போச்சுது."

அண்ணை இரும்பு அலவாங்கை எடுத்து வேலியடியைக் கிண்டினார். "அக்கா, வேர் பச்சையாக் கிடக்கு."

"கிடக்கட்டும்."

அண்ணை தலையைச் சொறிந்தார். "ஆனால் ஒரு முழம் உங்கடை பக்கமெல்லே தள்ளிக் கிடக்கு."

அக்கா திரும்பினார். "என்ன சொல்லுறீர்? ஆரைக் கேட்டு அந்தாள் உள்ளுக்கு வந்தவர்?"

அன்றைக்கே பொன்னம்பலத்தார் அளவுக்கயிறோடு வந்தார். சண்டை தைப்பொங்கல்வரை நடந்தது. வழக்குப் பேச வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவேண்டுமே, குசினியும் எழும்பியது. அதன் கூரைக்குக் கிடுகு கொடுத்தவரே பொன்னம்பலத்தார்தான். "உவ போனால் நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?" என்றார். கிளுவை துளிர்த்தது. கொழும்புப் பேச்சை அக்கா பிறகு எடுக்கவேயில்லை.

"உண்மையா ஒரு முழம் தள்ளியே கிடந்தது?" என்று அண்ணையைக் கேட்டேன்.

"கிளுவை வேர் கிடந்த இடத்திலைதான் கிடந்தது. நான் அக்காவின்ரை வேரையெல்லே தேடினனான்."

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது ஆளுக்கொரு திசையாகப் போனோம். அண்ணை எங்கேயென்று இன்றுவரை தெரியாது. ஆனால் எல்லாம் முடிந்ததென்று நான் சோர்ந்து உட்காரும் நாட்களில், அவர் அலவாங்கோடு வந்துவிடுவார் என்று கண் தானாக வாசலைப் பார்க்கிறது.