சொல்லிவிட்டுத் திருடிய செடி

நம்பிக்கை இழப்பதற்கு ஒரு போட்டி வைத்தால், காலடிப்பேட்டை 'போச்சு' அண்ணனுக்குத்தான் முதல் பரிசு. வாங்கிய கையோடு, "போச்சு, இத்த வெக்க வூட்ல எடம் ஏது?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தும் விடுவார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்பில் கீழ் வீடு. பஸ் தூரத்தில் வந்தாலே, "போச்சு, நிக்க மாட்டான்" என்பார். நின்றால், "போச்சு, உள்ள எடமிருக்காது." காலியாக இருந்தால், "இவ்ளோ காலியா வர்தே, வழியில படுத்துக்கப் போவுது தம்பி." நான் தாலி கட்டி நிமிர்ந்தபோதுகூட முதல் வரிசையிலிருந்து ஒரு 'போச்சு' கேட்டது. என் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

மனைவி இறந்த பிறகு அவருக்கென்று இருந்தது சுறா ஒன்றுதான். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். கருவாட்டுக்காரம்மா கூவினாலே கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும் நாட்டு நாய்.

"வூட்ல மூச்சு வுடறது நானும் இதுவும்தான். இன்னொண்ணும் இருக்கட்டும்" என்று அண்ணனுக்குத் திடீரென மணி பிளான்ட் ஆசை வந்தது. அதைக் கேட்டு வாங்கினால் வளராது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்பது ஊருக்கே தெரிந்த நம்பிக்கை. அண்ணனோ அடுத்தவர் குண்டூசியைக்கூடத் தொடாத மனுஷன். என்ன செய்தார் தெரியுமா? நேராக என் மனைவியிடம் வந்தார்.

"தங்கச்சி, நாளிக்கு காலீல உன் செடியத் திருட வரேன். நீ கண்டுக்காத மாதிரி அடுப்பாண்ட இரு."

இவளும் சும்மா இருக்கவில்லை. தொட்டி பக்கத்தில் கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள். திருடன் வந்து ஒரு கொடியை நறுக்கிக்கொண்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார்.

அண்ணன் வீட்டில் செடி தழைத்து, ஜன்னலிலிருந்து தரை வரை தொங்கியது. ஒரு நாள் காலையில் சுறா அந்த இலைகளை மென்றுவிட்டது. சத்தம் கேட்டு நான் ஓடியபோது அதன் வாயிலிருந்து எச்சில் கொட்டிக்கொண்டிருந்தது. முன்னங்காலால் மூஞ்சியைத் தேய்த்துத் தேய்த்து முனகியது. கடித்த இலைகளை ஒரு காகிதத்தில் சுருட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம்.

ராயபுரத்து நாய் டாக்டரிடம் போகும் வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. 'போச்சு' சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் சென்னையிலேயே கிடையாது. அண்ணன் வாயே திறக்கவில்லை. லுங்கி நுனியால் சுறாவின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு 'போச்சு' வராதா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் நாயின் வாயைக் கழுவி, ஊசி போட்டார். "நாய்க்கு ஆகாத செடிங்க இது. இலைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி படிகம் இருக்கு. கடிச்சா வாய், தொண்டையெல்லாம் குத்தும், எரியும். எச்சில் ஊத்தும், வாந்தி வரும். பெரும்பாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே எட்டாத உயரத்துல வையுங்க."

அண்ணன் மெல்லக் கேட்டார்: "டாக்டரு, சொல்ட்டுத் திருடினா கூடவா பாவம் புடிக்கும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இதுவும் போயிட்டா நான் யாராண்ட போச்சுன்னு சொல்லுவேன்?" என்று சுறாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "போச்சு! காலீலேர்ந்து புள்ள பட்டினியா கீதே!" அடடா, அந்தப் 'போச்சு' என் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது!

போன மழைக்காலத்தில் அண்ணன் இறந்துவிட்டார். செடி இப்போது எங்கள் வீட்டு உத்தரத்துக் கொக்கியில், சுறாவுக்கு எட்டாமல் தொங்குகிறது. சுறா எங்களோடுதான் இருக்கிறது.

இன்று காலை அது பாலைத் தொடவில்லை. "போச்சு!" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். சுறா காதை நிமிர்த்தி எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடியது. அங்கே யாரும் இல்லை என்று அதற்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நானும் போய் அதன் பக்கத்தில் நின்றேன்.