எங்கள் ஊர் ஒன்றியமும் பதினொரு அட்மின்களும்

மரியாதை நல்ல குணம்தான். ஆனால் அதைக் கணினியில் காட்டக் கூடாது. மேடையில் காட்டலாம், கல்யாண அழைப்பிதழில் காட்டலாம், பந்தியில் முதல் இலை போடும்போது காட்டலாம். கணினிக்கு அதெல்லாம் தெரியாது. யாருக்கு அதிகாரம் கொடு என்கிறோமோ அவருக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். இந்த ஞானத்தை நான் 2009இல் லண்டனில், ஒரு நேர்முகத் தேர்வின் நட்டநடுவில், வியர்த்து விறுவிறுத்துப் பெற்றுக்கொண்டேன்.

அப்போது நான் கணினிப் படிப்பை முடித்துவிட்டு தோர்ண்டன் ஹீத்தில் அப்பா அம்மாவோடு இருந்தேன். வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்த காலம். விண்ணப்பம் போட்டால் பதில் வராது. வந்தாலும் 'அனுபவம் உண்டா?' என்றுதான் வரும். நீங்கள் வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் போதாது (கண்ணாடி முன் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன்). அம்மா கெடு வைத்துவிட்டார். செப்டம்பருக்குள் வேலை கிடைக்காவிட்டால் கணக்கியல் வகுப்பு. எங்கள் தெருவில் கணக்கியல் படிக்காமல் தப்பித் திரிந்த ஒரே தமிழ்ப் பிள்ளை நான். எனக்கோ வாய்ப்பாடு என்றாலே தலை சுற்றும். எப்படியாவது ஒரு மென்பொருள் வேலை கிடைத்துவிட வேண்டும் என்று கோயில் கோயிலாக நேர்ந்து வைத்திருந்தேன்.

அனுபவம் இல்லாவிட்டால் என்ன, உண்டாக்கிக்கொள்வோம் என்று ஒருநாள் முடிவெடுத்தேன். எங்கள் ஊரிலிருந்து லண்டன் வந்தவர்களின் சங்கமான ஊர் ஒன்றியம் கோடையில் ஒன்றுகூடல் நடத்தும். யார் இடியப்பம், யார் சொதி, எந்தப் பிள்ளையின் நடனம் எப்போது என்பதெல்லாம் தொலைபேசியில் பேசித் தீர்மானிக்கப்படும். அன்றைக்குப் போய்ப் பார்த்தால் எல்லா வீட்டிலிருந்தும் கேசரி வந்திருக்கும், சோறு வந்திராது. இதையெல்லாம் ஒழுங்காகப் பதிந்துகொள்ள ஒரு மென்பொருள் எழுதித் தருகிறேன் என்றேன்.

பலர் சேர்ந்து மென்பொருள் எழுதுவதற்கென்றே இணையத்தில் தளங்கள் உண்டு. அப்படி ஒன்றில் 'ஒன்றுகூடல்' என்று ஒரு புராஜெக்ட்டைத் திறந்து, ஒன்றியத்தின் கமிட்டியையும் அதில் சேர்த்தேன். அங்கே ஆட்களுக்கு மூன்று வகைப் பதவி கொடுக்கலாம். பார்வையாளர் என்றால் பார்க்கலாம், தொட முடியாது. உறுப்பினர் என்றால் வேலை செய்யலாம், குறைகளைப் பதியலாம். அட்மின் என்றால் எல்லாம் செய்யலாம். மற்றவர்களின் பதவியை ஏற்றலாம், இறக்கலாம். அட்மின் ஒருவர் போதும், மிஞ்சிப்போனால் இருவர் என்று பல்கலைக்கழகத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களுக்குப் பெரியப்பா இல்லை.

எனக்கு இருந்தார். அப்பாவின் அண்ணன். ஜெர்மனியில் நீண்டகாலம் இருந்துவிட்டு இங்கே வந்து கடை போட்டவர், ஒன்றியத்தின் தலைவர். அழைப்பு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த கையோடு தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, எனக்கு உறுப்பினர் எண்டு வந்திருக்கு. நான் தலைவர் எல்லோ?"

"அது சும்மா கம்ப்யூட்டர் பதவி, பெரியப்பா. அதுக்கும் ஒன்றியத்துக்கும் சம்பந்தமில்லை."

"கம்ப்யூட்டரிலயும் தலைவர் தலைவர்தான், பிள்ளை."

அட்மின் ஆக்கினேன். ஒரு மணித்தியாலம் போகவில்லை, வால்தம்ஸ்டோவில் இருந்து மாமா அழைத்தார். மாமா அம்மாவின் அண்ணன், ஒன்றியத்தின் செயலாளர். "தலைவர் அட்மின் எண்டா செயலாளர் என்ன, தேத்தண்ணி ஊத்திறவரோ?" என்றார். அவரையும் ஆக்கினேன். மாமாவை ஆக்கிவிட்டுப் பொருளாளரான அப்பாவை விட முடியுமா? அப்பாவை ஆக்கிவிட்டு உபதலைவர்களை? புரவலரான போஷகரை? (போஷகருக்குக் கணினியே கிடையாது. ஆனாலும் போஷகர் போஷகர்தானே.) கடைசியில் என்னோடு சேர்த்துப் பதினொரு அட்மின். உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை.

இதில் வெட்கப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை. மாறாக, 'பதினொருவர் கொண்ட குழுவின் புராஜெக்ட்டை நிறுவி நிர்வகித்து வருகிறேன்' என்று விண்ணப்பத்தில் எழுதினேன். எழுதியதும் எனக்கே என் மேல் பயம் கலந்த மதிப்பு வந்தது. ஓல்ட் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சின்னக் கம்பனி அதை நம்பி நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது.

பிரச்சினை அகரவரிசையில் தொடங்கியது. அந்தத் தளம் அட்மின்களின் பெயரை ஆங்கில எழுத்து வரிசையில்தான் காட்டும். மாமாவின் பெயர் அருளானந்தம், பெரியப்பாவின் பெயர் விசாகரத்தினம். ஆக, செயலாளர் உச்சியில், தலைவர் அடியில். மென்பொருளில் உள்ள பிழைகளைப் பதிவதற்கு வைத்திருந்த இடத்தில் பெரியப்பா தன் முதலாவது பிழையை ஆங்கிலத்தில் பதிந்தார்: 'தலைவர் கீழே இருக்கிறார். அவசரம்: உச்சம். பொறுப்பு: வாசுகி.' (வாசுகி நான்தான்.)

அதைச் சரிசெய்ய முடியாது என்று எழுதினேன். பெரியப்பா தானே சரிசெய்தார். லண்டனில் மினிகாப் என்னும் வாடகைக் கார் கம்பனிகள் டெலிபோன் புத்தகத்தில் முன்னுக்கு வருவதற்காகப் பெயருக்கு முன்னால் ஏ ஏ ஏ என்று போட்டுக்கொள்வார்கள் அல்லவா, அதைப்போலத் தன் பெயரை 'ஏஏஏ தலைவர்' என்று மாற்றிவிட்டார். மறுநாள் மாமா 'ஏஏஏஏ செயலாளர்' ஆனார். அதற்கு மறுநாள் பெரியப்பாவுக்கு இன்னும் இரண்டு ஏ முளைத்தது. நான் மும்முரமாக நிரல் எழுதிக்கொண்டிருந்தபடியால் இதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டேன்.

நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் மாமா பொறுமை இழந்து, பெரியப்பாவைப் பார்வையாளர் பதவிக்கு இறக்கினார். பெரியப்பா அப்பாவை அழைத்தார். "தம்பி, நீ பாத்துக்கொண்டு நிக்கிறியோ?" அப்பா உடனே அண்ணனை மறுபடி ஏற்றிவிட்டு, இரவு வேலைக்கு முன் கொஞ்சம் நித்திரைக்குப் போனார். அம்மாவுக்கு அப்பாவின் பாஸ்வேர்ட் தெரியும் (அம்மாவின் பெயர்தான் பாஸ்வேர்ட்). தன் அண்ணன் செய்ததைத் தன் புருஷன் மாற்றுவதா என்று, அப்பாவின் கணக்கில் புகுந்து பெரியப்பாவைத் திரும்ப இறக்கிவிட்டுப் புட்டு அவிக்கப் போனார். இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றும், யார் செய்தது என்ற விவரத்தோடு, அந்தத் தளத்தின் நடவடிக்கைப் பக்கத்தில் உலகத்துக்கே தெரியும்படி பதிவாகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை மூடி வைக்க ஒரு பொத்தான் இருந்தது. நான் அதை அமுக்கவில்லை. நேர்முகத் தேர்வில் காட்டிப் பெருமைப்படலாம் என்று திறந்தே வைத்திருந்தேன்.

காலையில் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். பெட்ரோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து அப்பா வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. என்னை எதிர்கொண்டவர் ஹெலன் என்ற பெண்மணி. நரைத்த குட்டை முடி, கூரான பார்வை, கம்பனியின் பங்குதாரர்களில் ஒருவர். தன் மடிக்கணினியை என் பக்கம் தள்ளி, "உங்கள் புராஜெக்ட்டை எங்களுக்குக் காட்டுங்கள்" என்றார். சுவரில் பெரிய திரை. நான் கம்பீரமாக உள்ளே நுழைந்து, நிர்வாகப் பக்கத்தைத் தட்டினேன்.

'இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை. நீங்கள் பார்வையாளர்.'

திரும்பத் தட்டினேன். கணினி திரும்பவும் அதையே சொன்னது. ஹெலன் எட்டி, நடவடிக்கைப் பக்கத்தைத் திறந்தார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஏஏஏஏஏஏ செயலாளர் என்பவர் யார்?"

"என் மாமா."

"அவர் பதவி இறக்கிய இந்த ஏஏஏஏஏ தலைவர்?"

"அது வேறு மாமா." (பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். இல்லாவிட்டால் ஆங்கிலேயர்களும் எங்களைப் போல அடிபட்டிருப்பார்கள்.)

"'சொதியை நான் அனுமதிக்கவில்லை. அவசரம்: உச்சம்.' சொதி என்பது நீங்கள் எழுதிய ஏதாவது நிரல் தொகுதியா?"

"தேங்காய்ப் பால் விட்ட குழம்பு, மேடம்."

ஹெலன் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு அன்று காலைப் பதிவுக்கு வந்தார். பெரியப்பா ஏற்கெனவே இறங்கியிருக்க, அப்பா ஒரே மூச்சில் மற்ற ஒன்பது பேரையும் பார்வையாளர் ஆக்கியிருந்தார். ஒன்பதாவது ஆள் நான். கடைசியாகத் தன்னையும் இறக்கப் பார்த்திருக்கிறார். கடைசி அட்மின் இறங்க முடியாது என்று தளம் மறுத்திருந்தது.

"உங்கள் அட்மினுடன் பேசிப் பாருங்களேன்" என்றார் ஹெலன், மிக மரியாதையாக. அப்பாவைத் தொலைபேசியில் அழைத்த அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டேன்.

"அப்பா, என்னை ஏன் இறக்கினனீங்கள்?"

"எல்லாரையும்தான் இறக்கினனான், பிள்ளை. என்ர பேரில கொம்மா அண்ணையை இறக்கிப் போட்டா. அண்ணை போன் எடுத்து அழுறார். இனி ஒருத்தருக்கும் ஒண்டும் வேண்டாம்."

"சரி அப்பா, என்னை மட்டும் திரும்ப ஏத்துங்கோ. நான் இன்டர்வியூவில இருக்கிறன்."

"அது ஏலாது. என்ர பிள்ளைக்கு மட்டும் குடுத்தா சனம் என்ன கதைக்கும்? கமிட்டி கூடட்டும், பாப்பம்."

"அப்பா, வேலை போயிடும்! கணக்கியல் படிக்க வேண்டி வரும்!"

"ஆர் பக்கத்தில இருக்கினம்?" என்றார் அப்பா. சொன்னேன். உடனே குரலைச் செருமி ஆங்கிலத்துக்கு மாறினார். "மேடம், குட் மார்னிங். பிள்ளை நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்." வைத்துவிட்டார்.

ஹெலன் சிரித்தார். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு மூடாமல், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு. நானும் சிரித்தேன் என்று சொல்ல ஆசைதான். அழுதேன். அழுகை நடுவில் எப்படியோ சிரிப்பும் வந்து, விக்கலும் சேர்ந்து, தண்ணீர் கொண்டு வந்தார்கள். திரும்பும் ரயிலில் மனதுக்குள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் வழக்கம்போல் விழுந்தேன்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஹெலன் தானே அழைத்தார். "இங்கேயும் எல்லோருமே அட்மின்தான். பங்குதாரர்கள் மூன்று பேரும் ஒருவர் செய்ததை ஒருவர் அழித்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் புராஜெக்ட்களை அமைத்து, எங்களையெல்லாம் கீழே இறக்கிவைக்க ஒருவர் வேண்டும். கோபித்துக்கொள்ளும் மாமாக்கள் உங்களுக்குப் பழக்கம்தானே?" தொலைபேசியைப் பிடித்தபடி சமையலறையில் குதித்தேன். அம்மா எலி என்று நினைத்துத் தும்புத்தடியோடு ஓடிவந்தார். சேர்ந்த முதல் வாரமே மூன்று பங்குதாரர்களையும் உறுப்பினர் ஆக்கினேன். ஒருவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பாவை நினைத்துக்கொண்டு உறுதியாக நின்றேன்.

இப்போதும் ஒன்றுகூடலில் யாராவது புதியவர் என் வேலையைப் பற்றிக் கேட்டால் போதும். "அண்டைக்கு அண்ணையை நான் இறக்காட்டி இவளுக்கு உந்த வேலை கிடைச்சிருக்குமோ?" என்று மாமா தொடங்குவார். "நான் தலைவர் எண்டு விடாமல் நிண்டபடியாத்தான் நீர் இறக்கினனீர். அப்ப ஆர் எடுத்துக் குடுத்தது?" என்று பெரியப்பா கதிரையை இழுத்துப் போடுவார். சாப்பாட்டுத் தட்டோடு சனம் சுற்றி நின்று ரசிக்கும். தீர்ப்புக் கேட்டு எல்லோரும் அப்பாவின் பக்கம் திரும்ப, அவர் சொல்வதற்குள் பிள்ளைகளே கூட்டமாகக் கத்துவார்கள்: "கமிட்டி கூடட்டும்!"

கமிட்டி இன்னும் கூடவில்லை. அந்தக் கூட்டத்துக்கு யார் தலைமை தாங்குவது என்பது முடிவாகவில்லை. நான் இன்று ஒரு கம்பனி முழுவதற்கும் யார் எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கிறேன். 'ஒன்றுகூடல்' புராஜெக்ட்டில் மட்டும் இன்றைக்கும் பார்வையாளர்.