மூலை இல்லாத கல்

வைரத்தைக் கையில் வாங்கிய உடனே அது நல்ல கல்லா, மட்டமான கல்லா என்று சொல்லிவிடக்கூடிய ஆள், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் நான் ஒருத்தன்தான்.

இது பொய். வைரத்துக்கும் டைமண்ட் கல்கண்டுக்கும் எனக்கு ஒரே வித்தியாசம்தான் தெரியும்: கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டால் கடைக்காரர் கத்தமாட்டார். ஆறாம் வகுப்பில் இரண்டாவது வருஷமும் உட்காரச் சொன்னதும் எழுந்து வந்தவன் நான். வைரம் பார்க்கத் தெரிந்தவர் மைக்ரான் அண்ணன். அவர் பார்த்தபோது பக்கத்தில் வடை தின்றுகொண்டு நின்றவன்தான் நான்.

மைக்ரான் அண்ணன் இந்த உலகத்தில் எதையும் அளக்காமல் நம்பியதில்லை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக நறுக்கினால் ஒரு துண்டுக்குப் பெயர் மைக்ரான். அந்தத் துண்டும் கோணலாக இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருடைய அம்மாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு சின்ன கம்பெனி. அங்கே அவர் டை ஃபிட்டர், அதாவது தகட்டை வெட்டுகிற அச்சைச் செய்து, தீட்டி, மாட்டிக் கொடுப்பவர். அந்த அச்சில் தகட்டை வைத்து பிரஸ்ஸை அமுக்குகிறவன் நான். சரியாக வெட்டாத தகட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்குமே, அதற்குப் பிசிறு என்று பெயர். எனக்கும் அதே பெயரை வைத்தார். நான் அடிக்கும் பீஸைப் பார்த்து வைத்தாரா, என் முகத்தைப் பார்த்து வைத்தாரா என்று இன்றுவரை கேட்டதில்லை.

சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் வெர்னியர் அளவுகோலை வைத்திருப்பார். டீக்கடை வடையை அளந்து, ஓட்டை சென்டரில் இல்லை, அதனால் ஒரு பக்கம் எண்ணெய் அதிகம் குடித்திருக்கிறது என்பார். சலூனில் இரண்டு கிருதாவையும் அளந்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். ஒரு தடவை ஊரப்பாக்கத்தில் மனை பார்க்கப் போன இடத்தில், புரோக்கர் நட்ட கல்லுக்கும் காகிதத்துக்கும் அரை அடி உதைக்கிறது என்று டேப்பைப் பிடித்துக் காட்டினார். அன்றைக்கு வேனில் வந்த ஒன்பது குடும்பமும் அதே வேனில் திரும்பிப் போனது. அவரை மட்டும் ஏற்றவில்லை.

இப்படிப்பட்டவருக்கு முப்பத்தெட்டு வயது வரை பெண் கிடைக்காததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் பெண்ணைப் பார்க்காமல் நிலைக்கதவைப் பார்த்து, அது சாய்ந்திருக்கிறது என்று மாமனாராக வேண்டியவரிடம் சொன்னார். கதவு சாய்ந்ததோ இல்லையோ, உடனே சாத்தினார்கள்.

கடைசியில் கூடுவாஞ்சேரியில் ஒரு டீச்சர். பெயர் கலைச்செல்வி, கணக்குப் பாடம். வயது முப்பத்திநாலு. அப்பா கிடையாது, தாய்மாமாதான் எல்லாம். அதற்குமுன் இரண்டு இடம் கைகூடி வந்து கடைசி நேரத்தில் தவறியிருந்தது. வழக்கம்போல அண்ணன் பஜ்ஜித் தட்டைப் பார்த்து, எல்லாம் ஒரே கனத்தில் இல்லை என்றார். டீச்சர் சிரித்துவிட்டது. "ஸ்கேல் வீட்ல இல்லைங்க, ஸ்கூல்ல இருக்கு" என்றது. அண்ணன் பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார்: "டேய் பிசிறு, இது ஒண்ணுதான் எனக்கு செட் ஆகும். இது போச்சுன்னா வேற எங்கயும் வரமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நிச்சயதார்த்த மோதிரத்தில் சின்னதாக ஒரு வைரம், ஆனால் வட்டமாக வேண்டாம். மூக்குத்தியில் வட்டம், அம்மா தோட்டில் வட்டம், விரலிலாவது வேறு ஏதாவது இருக்கட்டும் என்று.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு நகைக்கடை. டை கட்டின சேல்ஸ்மேன் மடித்த காகிதங்களைப் பிரித்து, விதவிதமான வடிவத்தில் கற்களை வைத்தார். எல்லாம் பாசிப்பயறு அளவு. அண்ணன் டூல்ரூம் லென்ஸைக் கண்ணில் செருகி, வெர்னியரை வெளியே எடுத்தார். சேல்ஸ்மேன் வாட்ச்மேனைப் பார்த்தார்.

முதலில் கண்ணீர்த்துளி வடிவம். கல்யாணத்துக்கு எதற்கு அழுகை என்று நான் ஜோக் அடித்தேன், யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் அதன் கூர்முனையைப் பார்த்து, இங்கேதான் உடையும் என்று தள்ளி வைத்தார். இரண்டு பக்கமும் கூராக, படகு மாதிரி ஒன்று. இரண்டு இடத்தில் உடையும் என்றார். இதய வடிவத்தை சேல்ஸ்மேன் ரொம்ப ஆசையாக நீட்டினார். அதன் நடுப்பள்ளத்தைப் பார்த்த அண்ணனுக்கு முகம் சுருங்கிப்போனது. டையில் இப்படி ஒரு வெட்டு வைத்தால் நூறு அடி தாங்காது என்றார்.

"சார், இது டை இல்ல சார். வைரம்" என்றார் சேல்ஸ்மேன்.

"எதுவா இருந்தா இன்னாங்க. மூலை இருந்தா உடையும். அந்தம்மா டெய்லி போர்டுல எழுதுது, டஸ்டரால தட்டுது. மூலை இல்லாததா குடுங்க."

அப்படித்தான் முட்டை வடிவத்துக்கு வந்தார். கடையில் மூன்று இருந்தது. நீட்டு வடிவக் கல்லில் நடுவே கருப்பாக ஒரு நிழல் விழுமாம், போ டை கட்டின மாதிரி. டியூப்லைட் வெளிச்சத்தில் அது ஒளிந்துகொள்ளும், வெயிலில்தான் தெரியும் என்று சொல்லி எழுந்துவிட்டார். அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நடைபாதையில் அண்ணன் இடுக்கியில் கல்லைப் பிடித்து வானத்தைப் பார்க்கிறார். இந்தப் பக்கம் சேல்ஸ்மேன் இரண்டு கையையும் கீழே ஏந்திக்கொண்டு நிற்கிறார், விழுந்தால் பிடிக்க. அந்தப் பக்கம் வாட்ச்மேன். கையில் வடையோடு நான். பல்லாவரம் பஸ்ஸே ஸ்லோ பண்ணிப் பார்த்துவிட்டுப் போனது. மூன்றாவது கல்லில் நிழல் இல்லை. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் ஒரு பொருளைப் பார்த்துக் குறை சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

வைரத்தை யாரும் உடனே மோதிரத்தில் வைத்துவிடமாட்டார்கள். மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்க்க வேண்டும். நல்லது நடந்தால் வைத்துக்கொள்ளலாம், கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், கடையிலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அண்ணனுடைய அம்மா கல்லை டப்பாவோடு சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. மூன்று நாள் என்பது எந்த அளவுகோலில் வருகிறது என்று கேட்டுத் திட்டு வாங்கினார்.

இனிமேல் நான் சிரிக்கவைக்கப் போவதில்லை. முயற்சி பண்ணுவேன், வராது.

எங்கள் பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் மேலே இருக்கிற டை கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் டைக்குள் இருக்காது, அதற்காகத்தான். ஆனால் அது வேலைக்கு லேட். அதனால் ஒரு பொத்தானில் நிரந்தரமாக ஒரு மரச்சக்கையைச் செருகி வைத்துவிட்டு, மற்ற பொத்தானை மட்டும் ஒரு கையால் தட்டுவோம். அண்ணன் சக்கையைப் பார்த்தால் பிடுங்கிக் கூரைமேல் எறிவார். பதினேழு சக்கை எறிந்திருப்பார். எனக்கு ரோஷம் வந்தது. வலது பொத்தானைச் சுற்றி இருக்கிற வளையத்துக்குள் கச்சிதமாக உட்காரும்படி ஒரு கட்டையை இரண்டு நாள் உட்கார்ந்து சீவினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே பச்சைப் பெயின்ட் அடித்தேன். உள்ளே அமுக்கினால் பொத்தான் எது, கட்டை எது என்று எனக்கே தெரியாது. என் வாழ்க்கையில் நான் சரியான அளவில் செய்த ஒரே பொருள் அதுதான்.

மூன்றாவது நாள், அண்ணன் தீட்டின டையை மாட்டி, என் பிரஸ்ஸில் டிரையல் பார்த்தார். நான் டீ குடிக்கப் போயிருந்தேன். கட்டையை எடுக்காமல் போயிருந்தேன். அவர் அடித்த பீஸை எடுக்க வலது கையை உள்ளே விட்டு, அளவு பார்க்கக் குனிந்தார். இடது முழங்கை மற்ற பொத்தானில் பட்டது.

மோதிர விரலும் சுண்டு விரலும்.

ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு பொருள் எடுத்துவரச் சொன்னார். ஒன்று வெர்னியர். இன்னொன்று அந்தப் பச்சைக் கட்டை. கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால், பழக்கமில்லாமல், நாலைந்து தடவை நழுவவிட்டு, கட்டையை அளந்தார்.

"நல்லா பண்ணிகீறடா பிசிறு" என்றார். "இத்தினி வருஷத்துல உங்கிட்டேருந்து ஒரு பீஸாச்சும் அளவுல வந்துச்சே." பிறகு கட்டையை என் பையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "யாராண்டயும் சொல்லாத. உன்னத் தூக்கிடுவாங்க."

அன்று சாயங்காலமே கூடுவாஞ்சேரி மாமா போன் பண்ணிவிட்டார். கல் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ரத்தம், இதற்குமேல் இந்தப் பேச்சு வேண்டாம் என்று. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அழுதார்கள். கல்லில் ஒன்றும் இல்லை என்றார் அண்ணன்.

"அப்ப வேற எதுனாலடா ஆச்சு?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார். "இந்த ஃபேன் ஆடுதும்மா. பேலன்ஸ் இல்ல" என்றார்.

கல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டும். அவர் ஃபேனைக் காட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கூடுவாஞ்சேரிக்கு ரயில் ஏறினேன். நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். போனேன், உட்கார்ந்தேன், முறுக்கு கொடுத்தார்கள், நாலு தின்றேன். ஸ்டேஷனில் பார்த்த மாட்டைப் பற்றி ஒரு ஜோக் சொன்னேன். கிளம்பி வாசல் வரை வந்து செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்புறம்தான் பையில் கைவிட்டுக் கட்டையை எடுத்து மாமா கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாமா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யார் பண்ணா என்னப்பா, கெட்ட நேரத்தைக் கூட்டிட்டு வந்தது அந்தக் கல்லுதானே" என்றார் மாமா.

டீச்சர் அவர் கையிலிருந்து கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "கல்லு டப்பால இருந்துச்சு மாமா. இது மிஷின்ல இருந்துச்சு. இதுல சந்தேகம் எங்க வருது?" பிறகு என்னிடம் கேட்டது: "அத்தனை கல்லுல அவர் எதுக்கு இதை எடுத்தாராம்?"

நடைபாதைக் கதையைச் சொன்னேன். போர்டு, டஸ்டர், மூலை இருந்தால் உடையும் என்று சொன்னது, எல்லாம். டீச்சர் கட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்தது.

"எனக்கு அந்தக் கல்லுதான் வேணும்" என்றது. "நீங்க இதைக் கம்பெனியிலயும் போய்ச் சொல்லணும்."

சொன்னேன். அன்றைக்கே தூக்கிவிட்டார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின ஒரு வாரம் அண்ணன் இடது கையால் மோதிரம் போட்டுப் பழகினார். மோதிரத்துக்கு ஒரு இரும்பு வாஷர், பெண்ணுக்கு என் விரல். முடிச்சூர் ரோட்டு டீக்கடையில் நூறு தடவையாவது எனக்கு மோதிரம் போட்டிருப்பார். மாஸ்டர் ஒருநாள் அட்சதைக்குச் சர்க்கரை போட்டார்.

அந்த நாள் வந்தது. கூடுவாஞ்சேரி வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். அண்ணன் கட்டுப் பிரித்த வலது கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு, இடது கையால் மோதிரத்தை எடுத்தார். டீச்சர் விரலை நீட்டியது. மோதிரம் பாதி போய், முட்டியில் நின்றுவிட்டது. அண்ணனுக்கு வியர்த்தது. மாமா தொண்டையைக் கனைத்தார். அப்போது டீச்சர், மறைத்து வைத்திருந்த அந்த வலது கையை எல்லார் எதிரிலும் வெளியே இழுத்து...

"டேய் பிசிறு, எழுதுனது போதும், வாடா."

அண்ணன் கூப்பிடுகிறார். கல்யாணம் ஆகி, இப்போது அவருக்கென்று சின்னதாக ஒரு ஷெட் இருக்கிறது, நானும் அங்கேதான். திருகி அளக்கிற மைக்ரோமீட்டரின் வளைவைச் சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், மற்ற விரல்கள் திருக வேண்டும். திருகுவது அவர். பிடிப்பது நான். நான் போகாவிட்டால் அளவு நிற்காது.