பின் சீட்டுக்குப் போன வண்டித்தாய்

தாய்லாந்தில், ரோய் எட் நகரத்திலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில், நெல் கிடங்கைத் தாண்டியதும் கார்கள் வரிசை கட்டி நிற்கும். யாரோ டீசலை இலவசமாக ஊற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசான் தேச்சா அங்கே கார்களுக்குப் பேய் ஓட்டுகிறார். மன்னிக்கவும், பேய் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கோபித்துக்கொண்ட வண்டித்தாயைச் சமாதானம் செய்கிறார்.

ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு காவல் தாய் குடியிருக்கிறாள் என்பது அந்தப் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். கண்ணாடி ஓரம் அவளுக்கு மல்லிகை மாலை, ஸ்டீயரிங் தண்டில் வண்ணத் துணி, விசேஷ நாளில் பானட் மேல் சிவப்பு சோடா. இதெல்லாம் பழைய வழக்கம். ஆசான் கண்டுபிடித்த புதுமை வேறு: தாய்க்குக் கோபம் வந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்து உலுக்குவாளாம்!

மழைக்காலம் முடிந்தபின் அந்த வட்டாரத்தில் பள்ளத்தில் விழுந்து எழாத கார் கிடையாது. ஆகவே கோபித்துக்கொள்ளாத தாயும் கிடையாது. ஆசானின் பிழைப்பு அமோகமாக நடந்தது.

"என் வண்டி கிடுகிடுன்னு ஆடுச்சு. ஆசான் கை வச்சாரு, இப்ப வெண்ணெய் மாதிரி போகுது" என்று வரிசையில் ஒருவர் சத்தியம் செய்வார்.

"பிரேக் போட்டா மட்டும் என்னுது இன்னும் ஆடுதே?" என்று இன்னொருவர் தலையைச் சொறிவார்.

"அது உன் பக்தி போதலை." பதில் தயாராக இருக்கும்.

இந்த வரிசையில் ஒரு நாள் லம்டுவனும் நின்றாள். சந்தையில் அழகு நிலையம் நடத்துபவள். முடி வெட்டுவாள், நகத்துக்குச் சாயம் பூசுவாள், அரட்டையை இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பாள். அவள் கணவன் புன்லூ முட்டை வியாபாரி. அவர்களுடைய டீசல் கார் கிழப் பருவத்தில் இருந்தது. எஞ்சினைப் போட்டால் கதவு ஆடும், கண்ணாடி ஆடும், உள்ளே இருப்பவர்களின் கன்னமும் ஆடும். அந்த வண்டியில் ஆடாதது ஒன்று உண்டென்றால் அது ஸ்டீயரிங்தான். இப்போது வேகம் எண்பதைத் தொட்டதும் அதுவும் புன்லூவின் கையில் துள்ள ஆரம்பித்துவிட்டது. மாமியார் புவாதான் ஆசானிடம் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வெள்ளை வேட்டி, கழுத்து நிறையத் தாயத்து, முகத்தில் பவுடர். ஆசான் வந்தார். ஸ்டீயரிங்கைத் தொட்டார். சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"யாரு இவ முகத்துல கால் வச்சது?"

கூட்டம் வாயில் கை வைத்தது. புன்லூ மனைவியைப் பார்த்தான். நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வரும் லம்டுவன், முன் சீட்டில் சாய்ந்து டாஷ்போர்டு மேல் கால் நீட்டுவது வழக்கம். அந்தப் பக்கத்தில் பாதிப் பெண்கள் நீட்டுகிறார்கள். ஆசான் யாரிடம் அதைக் கேட்டாலும் குறி தப்பாது.

"நான் அப்பவே சொன்னேன்!" என்று புவா மார்பில் தட்டிக்கொண்டாள். "கேட்டாளா இவ?"

"கால் வலிச்சுது அத்தை, நீட்டினேன். அவளும் தாய்தானே, புரிஞ்சுக்க மாட்டாளா?"

"வாயைப் பாரு!" என்றார் ஆசான். "இனிமே இந்தப் பொண்ணு பின் சீட்டு. முன் சீட்டு பெரியவங்களுக்கு."

பெரியவங்களின் முகம் மலர்ந்தது.

காரைக் கொட்டகைக்குள் விட்டு, நாலாபக்கமும் வெள்ளைத் துணியை இழுத்து மூடினார்கள். எல்லாரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, தொண்டை கிழிய மந்திரம் சொல்லவேண்டும். தாய் உடை மாற்றும் நேரமாம். திரும்பிப் பார்த்தால் கண் போய்விடுமாம். ஒருவன் இடைவிடாமல் பெரிய மணியை அடித்தான். தெய்வம் உடை மாற்ற ஊரே காது செவிடாகிற அளவுக்குச் சத்தம் எதற்கு? அதை யாரும் கேட்கவில்லை. கேட்க நினைத்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது.

திரும்பும் வழியில் ஸ்டீயரிங் அசையவே இல்லை. புன்லூ பாட்டுப் பாடினான். முன் சீட்டில் புவா மகாராணிபோல் வீற்றிருந்தாள். வேகம் எண்பதைத் தொட்டது. பின் சீட்டில் லம்டுவனின் பல் தந்தி அடித்தது.

"என்னங்க, இங்க ஆடுது! உங்க முட்டையெல்லாம் உடையுது!"

புவா மெல்லத் திரும்பினாள். அவள் கண் விரிந்தது.

"டேய் புன்லூ, இவ பின்னால போனா தாயும் பின்னால போயிட்டாடா! இவளைத்தான் துரத்துறா!"

மறுநாளே மறுபடி ஆசானிடம் ஓடினார்கள். அவர் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் தீர்ப்பு வந்தது. பௌர்ணமியன்று எல்லார் முன்னாலும் லம்டுவன் தலையை மழிக்கவேண்டும். மடத்தில் வெள்ளை உடுத்தி மூன்று மாதம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வண்டி மரத்தில் மோதும், புன்லூ பிழைக்கமாட்டான்.

முடிதான் அவளுடைய விளம்பரப் பலகை. இடுப்பு வரை தொங்கும் அந்தக் கூந்தலைப் பார்த்துத்தான் பெண்கள் அவள் கடைக்கு வருகிறார்கள். மொட்டைத் தலையோடு நிற்பவளிடம் யார் தலையைக் கொடுப்பார்கள்? மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும் கடைக்கு யார் திரும்பி வருவார்கள்?

"முடிதானே லம்டுவன்" என்றான் புன்லூ. "வளந்துடும்."

ஆசான் சொன்னது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. இவன் சொன்னதுதான் சுட்டது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன், ஒரு பவுடர் மூஞ்சி சொன்னதும் தன்னைக் கை கழுவிவிட்டானே என்று அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்ததும் யோசித்தாள். நம்மில் பலர் அழுகையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

"என்னங்க, நிக்கும்போது அது ஆடுதா?"

"எஞ்சின் ஆடும். அது எப்பவும் ஆடுறதுதானே."

"பிரேக் போட்டா?"

"இல்ல."

"மெதுவாப் போனா?"

"இல்ல. எண்பதுலதான்."

"எண்பதுல மட்டும் கோவம் வர்ற தாய் என்ன தாய்ங்க? மீட்டரைப் பாத்துட்டா கோவிச்சுக்கிறா?"

"சாமி விஷயத்துல கேள்வி கேக்காத" என்று புன்லூ எழுந்து போய்விட்டான்.

அவள் ஒரு வாளித் தண்ணீரோடு காரைக் கழுவப் போனாள். கை கழுவியது, கண் தேடியது. முன்பொரு நாள் கடை வாசல் படியில் உரசி முன் டயரில் பிறை மாதிரி ஒரு சிராய்ப்பு விழுந்திருந்தது, உரசியவளே அவள்தான். முன்னால் பார்த்தாள். காணோம். பின்னால் போனாள். பிறை பின் டயரில் உட்கார்ந்து பல்லிளித்தது. லம்டுவன் வாளியைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

அன்று மாலை நகம் பூச வந்த டயர் கடைக்காரி நுவானிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். நுவான் ஊதிக்கொண்டிருந்த நகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முன் சக்கரத்துல எடை ஒரு பக்கம் கோணினா டிரைவர் கைக்குத் தெரியும். அதையே பின்னால மாட்டினா பின்னால உக்காந்தவ சூத்துக்குத் தெரியும். எடை வச்சு சரி பண்ணினா யாருக்கும் தெரியாது. இந்தச் செவப்பு நல்லாருக்குடி, இன்னொரு தரம் பூசு."

அந்தச் சிவப்புப் புட்டியைத்தான் லம்டுவன் பௌர்ணமியன்று கையோடு எடுத்துப் போனாள். கொட்டகை வாசலில் மாமியாரிடம் பணிவாக நீட்டினாள்.

"அத்தை, போறதுக்கு முன்னால தாய்க்கு நகச்சாயம் வச்சு மன்னிப்புக் கேக்கணும்னு தோணுது. நான் பாவி, என் கை படக்கூடாது. உங்க கையால ரெண்டு பின் சக்கரத்துலயும் ஒரு பொட்டு வைங்க. இப்ப அவ பின்னாலதானே இருக்கா?"

மருமகளுக்குப் புத்தி வந்துவிட்டதே என்று புவாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கும்பிட்டாள். காற்றடிக்கும் மூக்குப் பக்கத்தில், சக்கரத்துக்கு ஒன்றாகச் சிவப்புப் பொட்டு வைத்தாள்.

அன்று திருவிழாக் கூட்டம். ஒரு பெண் மொட்டையாவதைப் பார்க்கக் குடும்பத்தோடு ஒட்டும் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆசான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். லம்டுவன் மண்டியிட்டு, கடைசிக் கோடியில் இருப்பவனுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஆசானே, ஒரே ஒரு ஆசை. தாயை மறுபடி முன்னால வரச்சொல்லுங்க. நானும் முன் சீட்டுல உக்காருறேன். அவ என்னைத் தேடி வந்து ஸ்டீயரிங்கை உலுக்கட்டும். உலுக்கினா, கத்தியை எங்கிட்ட குடுங்க, நானே மழிச்சுக்கிறேன்."

ஆசானுக்கு உச்சி குளிர்ந்தது. இதைவிட லேசான வேலை உண்டா? துணி மூடியது. முதுகுகள் திரும்பின. மணி முழங்கியது. தாய் அவசரமாக உடை மாற்றினாள்.

துணி விலகியது. "வந்துட்டா! முன்னால வந்துட்டா!" என்று ஆசான் கூவினார். "வண்டியை எடு, ஓட்டிப் பாக்கலாம்!"

"ஓட்ட வேணாம்" என்றாள் லம்டுவன். "அத்தை, நீங்க வச்ச பொட்டு எங்க?"

புவா பின் சக்கரத்தைப் பார்த்தாள். இல்லை. அடுத்த பக்கம் ஓடினாள். இல்லை. முன்னால் வந்தாள். இரண்டு முன் சக்கரத்திலும் சிவப்புப் பொட்டு ஜம்மென்று இருந்தது.

"நான் பின்னாலதானே வச்சேன்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். "என் கையால வச்சேனே!"

ஆசான் குனிந்து பொட்டைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கினார். "அற்புதம்! தாய் முன்னால வந்தா, பொட்டும் கூடவே வந்துடுச்சு!"

பாதிக் கூட்டம் தடாலென்று காலில் விழுந்தது. பைத்தியம் முற்றினால் இப்படித்தான்.

"பொட்டு வந்துச்சு, சரி" என்றாள் லம்டுவன். "பின் டயர்ல இருந்த சிராய்ப்பும் கூட வந்திருக்கே. தாய் சக்கரத்தையே இடுப்புல தூக்கிட்டு வந்தாளா? இப்ப துணி வேணாம், மணி வேணாம். நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம், திரும்பப் பின்னால அனுப்புங்க. கண்ணு போனா என் கண்ணு போகட்டும்!"

"தாய்க்கு வெட்கம்!" என்று ஆசான் அலறினார்.

"இத்தனை நாள் உன்னை நம்பினேனே, அந்த வெட்கத்தை விடவா?" என்று புவா பாய்ந்து, கொட்டகை மூலையில் தொங்கிய மீதித் துணியை இழுத்தாள். பின்னால் ஜாக்கி இருந்தது. சக்கரம் கழற்றும் ஸ்பேனர் இருந்தது. கை இரண்டும் கிரீஸாக, வியர்த்து விறுவிறுத்து ஆசானின் மச்சான் இருந்தான்.

"நான் சக்கரம் மட்டும்தான் மாத்துறேன்!" என்று அவன் கும்பிட்டான். "பேசுறதெல்லாம் அவருதான்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது ஆசான் வேட்டியை மடித்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார். சேற்றில் ஒரு செருப்பும் பாதித் தாயத்தும் மிஞ்சின.

நுவான் கடையில் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, விரல் நகம் அளவுக்கு இரண்டு ஈயத் துண்டை ஒட்டினார்கள். பப்பாளி சாலட் ஒரு தட்டு தின்று முடிப்பதற்குள் வேலை முடிந்தது. புன்லூ மனைவியின் பக்கத்தில் வந்து நெளிந்தான்.

"எனக்குத் தெரியாம போச்சு புள்ள."

"தெரியாதது தப்பில்ல. 'வளந்துடும்'னு சொன்னீங்களே, அது தப்பு. ஒரு மாசம் உங்க சோத்தை நீங்களே ஆக்கிக்குங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் கொட்டகையைக் கடந்தார்கள். கூட்டம் இன்னும் கலையவில்லை. இவர்கள் காரைக் கண்டதும் ஓடிவந்து சூழ்ந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று லம்டுவன் கண்ணாடியை இறக்கினாள். அவர்களோ குனிந்து வண்டியின் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"வர்ற லாட்டரிக்கு இந்த நம்பர்தான்!" என்றார் ஒருவர் பரவசமாக. "ஆசானையே ஓட வச்ச வண்டியாச்சே!"

லம்டுவன் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"தலையை மழிக்கிறேன்னு எவன் சொன்னாலும் நீட்டுறீங்களே, அதுக்குள்ள மூளைன்னு ஒண்ணு இருக்கே, அதை என்னைக்குத்தான் வெளிய எடுப்பீங்க?"