ஆமணக்கெண்ணெய் குடித்த கோல்கீப்பர்

பதினைந்து வயதுப் பையனுக்கு உடம்பில் ஏதாவது பிழை என்றால், அவனைத் தவிர மற்ற எல்லோரிடமும் அதைப் பற்றி விசாரிப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. பேரப்பிள்ளை கண்ட பிறகும் ஆறாத கோபம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். பால்மா டின்னைக் கடையில் காண்பது அருமை. அதனாலோ என்னவோ, இயற்கையாகக் கிடைப்பதுதான் வளரும் பிள்ளைகளுக்கு நல்லது என்று எங்கள் ஊர் பேசாலை முழுவதும் திடீரென்று கண்டுபிடித்திருந்தது. (டின் கிடைத்த காலத்தில் முருங்கையிலையை ஆடுகூட எங்கள் வளவில் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.)

அந்த ஒரே வருடத்தில் நான் தென்னம்பிள்ளை மாதிரி நெடுநெடு என்று வளர்ந்துவிட்டேன். கை நீளம், கால் நீளம், இடையில் ஒன்றும் இல்லை. அந்த நீளக் கைகளைப் பார்த்துத்தான் எங்கள் பயிற்சியாளர் மரியதாஸ் மாஸ்ரர் என்னைக் கோல்கீப்பராக்கினார். உதைபந்தாட்டம் என்றால் உயிரை விடுகிற ஊரில், பதினைந்து வயதில் கோல் காப்பது சின்ன மரியாதை இல்லை. மீன்வாடியில் பெரியவர்கள்கூட என்னை "கோலி" என்று கூப்பிட்டார்கள். நான் நடக்கும்போது நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தியே நடந்தேன். (நிமிர்த்த அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்பது வேறு கதை.)

ஆனால் சில மாதங்களாகப் பந்துகள் என்னைத் தாண்டிப் போகத் தொடங்கின. தூரத்தில் அடித்த பந்து முகத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் பந்தாக மாறும். அதற்கு முன் அது வெறும் மங்கல். பின்னேரம் ஆனால் தலையிடி வேறு.

இதை நான் மறைக்கவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். முதல் நாளே மாஸ்ரரிடம் சொன்னேன்.

"மாஸ்ரர், பந்து தெரியேல்லை."

"சாப்பிட்டாத்தானேடா தெரியும்! உடம்பில இரத்தமே இல்லை உனக்கு."

அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, தூரத்தில ஒண்டும் தெரியுதில்லை."

"அது பெலயீனம்," என்றார் அம்மா, நான் வசனத்தை முடிக்கும் முன்பே.

அன்றிலிருந்து வைத்தியம் தொடங்கியது. அம்மா தினமும் காலையில் முருங்கையிலையை இடித்துப் பிழிந்து ஒரு பேணி சாறு தந்தார். பச்சைப் பெயின்ற் மாதிரி இருக்கும். மாஸ்ரர் தன் பங்குக்கு ஊறவைத்த வெந்தயத்தைப் போத்தலில் கொண்டுவந்து பயிற்சிக்கு முன் குடிக்க வைத்தார். அணியில் மற்றவர்கள் எலுமிச்சம்பழத் தண்ணீர் குடிக்கையில், நான் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கசப்பை விழுங்குவேன்.

இதற்குள் செய்தி பிலோமினா மாமிக்கு எட்டியது. மாமி அப்பாவின் அக்கா. பக்கத்து ஊரான ஓலைத்தொடுவாயில் கல்யாணம் முடித்துப் போனவர். அவர் சுகம் விசாரிக்க வருவதில்லை. தீர்ப்புச் சொல்ல வருவார்.

"மச்சாள், இந்த இலை தழையை ஆட்டுக்குக் குடுங்கோ," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு பச்சை முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, அதன்மேல் நல்லெண்ணெயை வார்த்தார். "இது குடிச்சா இடுப்பில பலம் ஏறும்."

என் தங்கை கதவடியில் நின்று சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் வயதுக்கு வந்து பெரியபிள்ளை ஆன பெண்பிள்ளைகளுக்கு, தண்ணி வார்ப்புச் சடங்கோடு கொடுப்பது.

"மாமி, இது பெட்டையளுக்கெல்லோ குடுக்கிறது!"

"இடுப்பு எல்லாருக்கும் இடுப்புத்தான். வாயைத் திற!"

திறந்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஒருவன் என்னிடம், "எப்ப மச்சான் தண்ணி வார்ப்பு? எங்களுக்கும் சொல்லுவியோ?" என்று கேட்டான். தங்கையின் வேலை.

எங்கள் தேவாலயத் திருநாளை ஒட்டி நடந்த சுற்றுப்போட்டியில் நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்தோம். எதிரணி, வேறு எங்கே, ஓலைத்தொடுவாய். ஆட்டம் சனிக்கிழமை பின்னேரம். அன்று மத்தியானம், மீன்பிடிக்கப் போயிருந்த அப்பா கடலால் வந்து இறங்கினார். இதுவரை என் வைத்தியத்தில் பங்கெடுக்காத ஒரே மனிதர் அவர்தான். அது அவருக்குக் குறையாகப் பட்டிருக்க வேண்டும்.

"வயிறு கழுவாமல் எதைக் குடுத்தாலும் உடம்பில ஒட்டாது," என்று யாரிடமும் கேட்காமல் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். ஆமணக்கெண்ணெய்ப் போத்தலையும் சுடச்சுடப் பால் விடாத பிளேன்ரீயையும் எடுத்துக்கொண்டு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"அப்பா, இண்டைக்கு மெச் இருக்கு."

"அதுக்குத்தான்ரா! மூண்டு மணிக்கிடையில எல்லாம் முடிஞ்சிடும். பிறகு உடம்பு பஞ்சு. பறந்து பறந்து பிடிப்பாய்."

அப்பாவை எதிர்த்துப் பேசுகிற வயது அது இல்லை. குடித்தேன். சிறிது நேரத்தில் ஆட்டம் பார்க்க வந்த மாமி, வழக்கமான ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு முட்டையைத் தந்தார். அம்மா, மாமிக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமல், பச்சைச் சாற்றைத் தந்தார். மைதானத்தில் மாஸ்ரர் வெந்தயப் போத்தலோடு காத்திருந்தார். இந்த நால்வரும் ஒருவரோடொருவர் பேசியிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும்.

மூன்று மணி வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நாலு மணி. ஒன்றுமில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றேன்.

ஊரே வந்திருந்தது. எல்லைக்கோட்டுக்கு வெளியே கதிரை போட்டுப் பங்குச் சுவாமியார் இருந்தார். அவருக்குப் பக்கத்து மேசையில் வெற்றிக் கிண்ணம் மினுங்கியது. எங்கள் பின்வரிசைப் பொடியன்கள் நல்லவர்கள், பந்தை என் பக்கமே விடவில்லை. முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. நான் மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு நாங்கள் வென்றிருப்போம் என்றே இப்போதும் சொல்கிறார்கள்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. முதலில் ஒரு முறுக்கல். பிறகு மோட்டர் போட் இயந்திரத்தை இழுத்துக் கிளப்பினமாதிரி ஒரு சத்தம். நெற்றி வேர்த்தது. காலோடு காலை ஒட்டிக்கொண்டு நின்றேன். "அப்பிடித்தான்ரா, காலுக்குள்ளால விடாதை!" என்று மாஸ்ரர் வெளியிலிருந்து பாராட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஓலைத்தொடுவாய்ப் பொடியன் ஒருவன் பந்தோடு தனியாக வந்தான். எனக்கு அவனும் தெரியவில்லை, பந்தும் தெரியவில்லை. ஒரு சிவப்பு மங்கல் என்னை நோக்கி வந்தது. கோலா, மானமா என்ற கேள்வி. நான் மானத்தைத் தெரிவுசெய்தேன்.

கம்பத்தை விட்டு ஓடினேன். நேரே முன்னால் ஓடியதால், பந்தை மறிக்கத்தான் பாய்கிறேன் என்று ஊர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. நான் அந்தப் பொடியனைத் தாண்டினேன். நடுவரைத் தாண்டினேன். சுவாமியாரின் கதிரையைத் தாண்டினேன். (ஓடியபடியே அவருக்குத் தோத்திரம் சொன்னேன் என்றுதான் ஞாபகம்.) அவருடைய பங்களாவுக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்குள் புகுந்து கதவுக் கொண்டியைப் போட்டேன்.

பந்தோடு நின்ற பொடியன் ஏதோ சூழ்ச்சி என்று பயந்து, கொஞ்ச நேரம் அடிக்காமல் சுற்றிச்சுற்றிப் பார்த்தானாம். பிறகு நடந்துபோய்ப் பந்தை உள்ளே தட்டினான். அந்த ஆரவாரத்தை நான் கொண்டி போட்ட கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வயிற்று வலியால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை அது.

பொழுதுபட என்னைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார்கள். அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போத்திக்கரி ஐயா உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைத் தந்தார். கட்டிலைச் சுற்றி என் நாலு வைத்தியர்களும் நின்றார்கள். யாருக்கும் என் முகத்தைப் பார்க்க நேரமில்லை.

"ஓலைத்தொடுவாய்க்காரி முட்டைக்குள்ள என்னத்தையோ கலந்திட்டா," என்றார் மாஸ்ரர்.

"ஆரைப் பாத்துச் சொல்லுறீர்? என்ர தம்பியின்ர பிள்ளைக்கு நான் செய்வனோ? உம்மட வெந்தயம்தான் வயித்தைக் கிளப்பினது!"

"மச்சாள், ரெண்டு முட்டை கூடிப்போச்சுத்தான்," என்றார் அம்மா மெதுவாக.

அப்பா கூரையைப் பார்த்தார். நான் கட்டிலில் கிடந்தபடியே கை நீட்டிக் காட்டிக்கொடுத்தேன். "அப்பா ஆமணக்கெண்ணெய் தந்தவர்!" அதன்பிறகு அங்கே நடந்த சண்டையை எழுத இந்தக் கட்டுரை காணாது.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அப்போத்திக்கரி ஐயா கேட்டார். "ஏன் தம்பி இவ்வளவும் தந்தவை? உமக்கு என்ன செய்தது?"

என்னை அந்தக் கேள்வி கேட்ட முதல் மனிதர் அவர். "பந்து தெரியேல்லை ஐயா," என்றேன்.

அவர் என்னைச் சுவரோரம் நிறுத்தி, எதிர்ச் சுவர்க் கலண்டரை வாசிக்கச் சொன்னார். எந்தச் சுவர் என்று கேட்டேன்.

அந்த மாதமே மன்னார் ஆசுபத்திரியில் கண்ணைப் பார்த்துக் கண்ணாடி தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, பனையோலைகள் தனித்தனியாக இருக்கும் என்பதை அறிந்தேன். பஸ்சில் வரும் வழி முழுவதும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

இத்தோடு வைத்தியம் தோற்றது, பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று யாராவது ஒப்புக்கொண்டார்களா? இல்லை. மன்னிப்பு? அதுவும் இல்லை. ஊர் என்னைக் "கொண்டி" என்று கூப்பிடத் தொடங்கியது. கலியாண வீடுகளில் யாராவது பந்தியை விட்டு அவசரமாக எழும்பினால், "கொண்டி போடப் போறார்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். போன மாதம் என் மருமகனே சொன்னான்.

அதைக்கூடப் பொறுக்கலாம். மாமியைத்தான் பொறுக்க முடியாது. இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டார், ஞாபகம் மட்டும் கத்தி. குடும்பம் கூடும் இடமெல்லாம் என் பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்தி அந்த ஆட்டத்தைச் சொல்வார். முடிக்கும்போது என் பக்கம் கையைக் காட்டுவார்.

"மைதானத்தில நிண்ட ஒருத்தராலயும் உங்கட அப்பனைப் பிடிக்க ஏலேல்லை. குதிரை மாதிரி ஓடினவன். எல்லாம் நான் குடுத்த முட்டை!"