சந்தாவை நிறுத்தச் சொல்லி மருமகனுக்கு

லிங்கநகர்,
திருகோணமலை.

அன்பு மருமகன் றெக்சனுக்கு,

மாமா கிறிஸ்தோபர் எழுதுவது. மாதாவின் தயவால் நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. சுகமாக இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போனில் கதைத்தால் மாமிக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம்.

நீங்கள் அனுப்பிய கேம் பெட்டியின் ஒன்லைன் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது, திரும்பவும் கட்டுவதில் பிரயோசனம் உண்டோ என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பிரயோசனமும் இல்லை. சந்தா இல்லாத காலத்தில் உங்கள் மாமி சீலா தனியே விளையாடுவாள், தோற்பாள், அணைத்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போவாள். சந்தா வந்ததும் வெளியாட்களோடு சேர்ந்து விளையாடலாம் என்றாகி, இப்போது அவள் ஒரு கொள்ளைக் கப்பலுக்குக் கப்டன். மூதூர் போகிற லோஞ்சுப் படகில் ஏறினாலே சத்தி எடுக்கிறவள்! மெல்பேர்னிலிருந்து உங்கள் மனைவி, எங்கள் மகள் தினுஷாவும் கிண்ணியாவிலிருந்து றிப்தி என்றொருவரும் அவளுக்குக் கீழே வேலை. முப்பது வருசம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டின நான், காத்துப் பக்கம் பாத்துப் பாயை இறக்கு எண்டு ஒரு சொல்லுச் சொன்னதுக்கு, "நீங்கள் பென்சன் எடுத்திட்டீங்கள், சும்மா இருங்கோ" எண்டு பதில் வருது. போன கிழமை பங்குத் தந்தை வீடு சந்திக்க வந்து படலை வாசலில் நிற்கிறார், உள்ளேயிருந்து, "விடாதேங்கோ! கொளுத்துங்கோ! ஒருத்தனும் உயிரோட போகப்படாது!" என்று மாமியின் சத்தம். "நாடகம் பழகிறா, ஃபாதர்" என்றேன். சந்தோசப்பட்டு, கிறிஸ்து பிறப்புக்குப் போடுகிற நத்தார் நாடகம் முழுவதையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். நான் இரண்டாவது இடையனாம். பிறகு ஒருநாள் கரண்ட் போய்க் கப்பல் தாழ்ந்துவிட்டது. நான்தான் கரண்டை வெட்டினது மாதிரி இரண்டு நாள் என்னோடு கதையில்லை, சோறும் மூடிதான் கிடந்தது. எனக்கு இனி ஏலாது தம்பி. தயவுசெய்து கட்டவேண்டாம்.

உங்கள் இருவரையும் ஆண்டவர் குளிரிலிருந்தும் வேலைக் களைப்பிலிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
களைத்துப்போன மாமா,
கிறிஸ்தோபர்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும் நேரம், சீலா விளையாட்டை அணைக்காமல் சந்தைக்குப் போயிருக்க, கதிரையில் கிடந்த ஹெட்போனுக்குள் தினுஷா கத்தினாள். "அம்மா, எங்க போயிட்டீங்கள்? ஓடி வாங்கோ!"

"அம்மா இல்லை, நான் அப்பா."

"அப்ப நீங்கள் சுக்கானைப் பிடியுங்கோ!"

பிடித்தேன். நேரே பாறையில் ஏற்றினேன். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அங்கே போன நாள்தொட்டு என்னோடு போனில், "சாப்பிட்டீங்களா அப்பா, அம்மாட்டக் குடுங்கோ" என்பதற்கு மேல் கதையில்லை. இன்றைக்குக் கப்பல் மெல்ல மெல்லத் தாழ, வேலையிடத்தில் ஒருத்தரும் தன்னோடு சாப்பிட இருப்பதில்லை என்றும், முதல் குளிரில் குளியலறைக்குள் இருந்து அழுததையும் சொன்னாள். நான் சுக்கானைப் பிடித்தபடி "ஓம் பிள்ளை, ஓம்" என்றுகொண்டிருந்தேன்.

ஒரு வருசத்துக்கே கட்டிவிடுங்கள். கப்பலை மோதினது நான் என்று மாமிக்குச் சொல்லவேண்டாம். புயல் என்று சொல்லியிருக்கிறேன்.