அக்குளில் வைத்த ஒட்டு

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் தையல் மெஷினும் நலம். மூவரில் மெஷின் மட்டும் முழு நலம். அங்கே உங்கள் முதுகுவலி போயிருக்கும் என்று நம்புகிறேன். போயிருக்க வேண்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு நாலே நாள்தான் இருக்கிறது. போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும் என்பதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

தன் கல்யாணத்துக்கு நான் கண்விழித்துத் தைத்த ரவிக்கையை ஒதுக்கிவிட்டுக் கடையில் வாங்கியதைப் போட்டுக்கொண்டாள் என்று என் மகளோடு இரண்டு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது உங்களுக்கே தெரியும், நடுவில் தூது போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர் நீங்கள்தானே. அவள் போன மாதம் தானாகவே போன் செய்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை டிரையத்லான் என்று ஒரு போட்டியாம். ஏரியில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓட வேண்டுமாம். மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளலாமாம். "நான் சைக்கிள், அவரு ஓடுவாரு. நீச்சலுக்கு நீங்க வர்றீங்களாப்பா?" என்றாள். தினம் காலையில் நீச்சல் குளத்தில் நீந்துகிறவன்தானே என்று சரி சொல்லிவிட்டேன். ஏரித் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், வெட்சூட் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அங்கேதான் சனி பிடித்தது.

கடைப் பெண் எடுத்துப் போட்ட ரப்பர் உடை தோளில் மெல்லிசு, தொடையில் தடிப்பு. முப்பது வருஷம் துணி வெட்டியவனிடமே கழித்துப் போட்ட சரக்கைத் தள்ளுகிறாளே என்று முறைத்தேன். கை வீசத் தோதாகத் தோளில் மெல்லிசு, கால் மிதக்கத் தொடையில் தடிப்பு என்று பொறுமையாக விளக்கினாள். போட்டுப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டு விரல் போகிற அளவு லூஸ் இல்லாமல் நான் யாருக்கும் எதுவும் தைத்ததில்லை என்றேன். "தோலு மாதிரி ஒட்டணும் சார். லூஸா இருந்தா தண்ணி உள்ள பூந்துடும்" என்றாள். தலையாட்டிவிட்டு வாங்கிவந்தேன், ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா மச்சான்? எந்த உடையிலும் உள்ளே கொஞ்சம் துணி மடித்து விட்டிருப்பார்கள், பிரித்துக் கொஞ்சம் லூஸாக்கலாம் என்று அக்குள் தையலைப் பிளேடால் பிரித்தேன். பாவிகள், உள்ளே ஒரு நூல் அளவுகூட விடவில்லை. பசை போட்டு ஒட்டி மேலே தைத்திருக்கிறார்கள். பிரித்தது பிரித்ததுதான். பழைய மழைக்கோட்டை வெட்டி இரண்டு அக்குளிலும் ஒட்டுப் போட்டேன். அதோடு விட்டேனா? முதுகு ஜிப்பில் ஒரு முழம் கயிறு தொங்கியது, நறுக்க மறந்த பிசிறு என்று நறுக்கிவிட்டேன். ஜிப்பைத் தானே திறக்க அதைத்தான் பிடித்து இழுக்கணுமாம், எனக்கு யார் சொன்னார்கள்?

இன்று காலை குளத்தில் இறங்கிப் பத்துக் கை போடுவதற்குள் ஒட்டு வழியாகத் தண்ணீர் புகுந்து உடையின் இரண்டு காலும் உப்பிவிட்டன. ஏணியில் ஏற முடியவில்லை. குளத்துக் காவலர் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, ஜிப்பைத் திறக்கக் குறடு தேடிப் போனார். அதுவரை கணுக்கால் வழியாக ஒழுகிக்கொண்டே நின்றேன். வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேர் என் வாடிக்கையாளர்கள்.

இதை மகளிடம் எந்த வாயால் சொல்வேன்? கடை உடையைத் திட்டி ஒரு தடவை நோகடித்தேன். இப்போ கடை உடையை வெட்டி அவள் அணியையே கவிழ்க்கப்போகிறேன். அவள் இன்னொரு தடவை கூப்பிட மாட்டாள் என்ற பயத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. காலையிலிருந்து ஒரு பொத்தான்கூடத் தைக்கவில்லை. ஆகவே நீங்கள் சனிக்கிழமையே வந்து எனக்குப் பதிலாக நீந்திக் கொடுக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் அளவெடுக்க முடியாத உயரத்துக்கு வளர ஆசிகள்.

இப்படிக்கு,
கத்தரியால் கெட்ட உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகளே என் தையல் கடைக்கு வந்துவிட்டாள். கொடியில் தொங்கிய உடையையும் அக்குள் ஒட்டையும் பார்த்து, சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வார வெயிலில் ஏரித் தண்ணீர் சூடேறிவிட்டதாம். வெட்சூட் போட்டால் போட்டியில் சேர்க்கவே மாட்டார்களாம். "மூணு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை தைச்சுக் குடுங்கப்பா" என்று கையை விரித்து நின்றாள். அளவு நாடாவை எடுத்து ஒரே தோளை மூன்று தடவை அளந்தேன். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். ஆகவே நீந்த வர வேண்டாம், நானே நீந்துகிறேன். கைதட்ட வாருங்கள். உங்களுக்கும் ஒரு சட்டை தைத்து வைக்கிறேன், லூஸாகவே.